ஆஸ் என்று ஆரம்பிக்காதே

ஒரு மனிதரை மெட்ராஸ் கப்பலில் ஏறவிடாமல் செய்வதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு சிவப்புப் பென்சில், மூன்று விநாடி, கொஞ்சம் குஷி. அவ்வளவுதான். விளையாட்டுக்குத்தான் செய்தேன். இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தாலே சிரித்து வைப்பது என் சிநேகிதர்களின் வழக்கம். அதனால் கடைசிப் பகுதியை அவர்களிடம் சொல்வதில்லை. சிரிப்பு நின்று போவது எனக்கு ஆகாது.

அறுபதுகளில் போர்ட் பிளேரில் நான் குமாஸ்தாவாக இருந்த சர்க்கார் ஆபீசுக்கு அவர் தலைமை எழுத்தர். பெயர் வேண்டாம். தமிழன், வங்காளி, தெலுங்கன், மலையாளி எல்லோருக்கும் அந்தத் தீவில் பொதுவாக வாய்த்தது ஓர் அரைகுறை இந்தி. அந்த இந்தியில் தலைமை எழுத்தருக்கு ‘படா பாபு’ என்று பெயர். எங்களுக்கு அவர் படா பாபு. சொந்த ஊர் மாயவரம் பக்கம். கல்யாணமாகாதவர். எடை பார்த்தால் நாற்பது கிலோ தேறுவார், அதில் மூக்குக் கண்ணாடி அரைக் கிலோ. எட்டு மாசம் மழை கொட்டும் ஊர், தலைக்கு மேலே தகரக் கூரை. அந்த இரைச்சலுக்காக இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருப்பார். மழையில்லாத நாலு மாசமும் பஞ்சு அங்கேயே இருக்கும்.

மேஜையில் இருமுனைப் பென்சில் ஒன்று. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். சிவப்பு தப்புக்கு, நீலம் சரிக்கு. சிவப்பு முனை வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டு வரும். நீல முனை கடையில் வாங்கியபடியே இருக்கும்.

அவரிடம் எந்தக் காகிதத்தைக் கொண்டு போனாலும் அவர் படிப்பது முதல் வார்த்தையை மட்டும்தான். ஒரு வாக்கியம் தப்பான வார்த்தையில் ஆரம்பித்தால் அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை என்பது அவர் கொள்கை. அந்த வார்த்தையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பித் தந்துவிடுவார். எந்த வார்த்தை தப்பு என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார். வட்டம் விழுந்தால் தெரிந்துகொள்ளலாம்.

‘அண்ட்’ கூடாது. “சேக்கிற வார்த்தை அது. எதை எதோட சேக்கிறே? மேல ஒண்ணும் இல்லியே, ஆகாசத்தோடயா?”

‘பட்’ கூடாது. “சர்க்கார் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே நீ மறுத்துப் பேசறியா?”

‘பிகாஸ்’ கூடாது. “உன்ன யார் ஏன்னு கேட்டா?”

இவையாவது பரவாயில்லை, எங்கள் ஊர் வாத்தியார்களே தலையில் குட்டிய வார்த்தைகள். போகப் போகப் பட்டியல் நீண்டது. ‘ஐ’ என்று ஆரம்பித்தால், “ஆபீஸ்ல நான்னு ஒருத்தன் கிடையாது.” ‘தேர்’ என்றால், “எங்க?” ‘இட்’ என்றால், “எது?” ‘கைண்ட்லி’ என்றால், “கோயில் வாசல்ல போய் உக்காரு.”

எல்லாவற்றிலும் அவருக்குக் கடும்பகை ‘ஆஸ்’. அதில்தான் தமிழர்கள் மாட்டிக்கொண்டோம். நம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்த லீவு லெட்டர் ஒன்றே ஒன்றுதானே? ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ காய்ச்சலோ கல்யாணமோ, அந்த ஆஸைப் பிடித்துக்கொண்டுதான் நாம் அக்கரை சேர்வோம். காரணத்தை முன்னால் வைத்துவிட்டுப் பிறகு கேட்பது நம் நாக்கின் பழக்கம். ‘காய்ச்சலா இருக்கறதால வரலை’ என்போம். ‘வரலை’ என்று முதலில் சொன்னால் காய்ச்சலுக்கு வருவதற்குள் பிரம்பு வந்துவிடும். படா பாபு இதற்கு ஒப்பமாட்டார். “சர்க்காருக்கு முதல்ல வேண்டியது நீ என்ன கேக்கறேங்கறது. உன் சொந்தக் கதை அப்புறம்.”

இதை வைத்து இந்தியில் ஒரு சிலேடை வேறு வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் அடித்த ஒரே ஜோக். யாராவது ஆஸ் என்று ஆரம்பித்தால், “ஆஸ் மத் ரக்கோ!” என்பார். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. பியூன் கிஷன்தான் விளக்கினான். கைதிகள் காலத்திலிருந்து தீவிலேயே இருக்கும் குடும்பம் அவனுடையது. தமிழைக்கூட இந்தி மாதிரிதான் பேசுவான். “இந்தியில ஆஸ் போலே தோ நம்பிக்கை, பாய். ஆஸ் மத் ரக்கோன்னா, நம்பிக்க வெக்காதேன்னு மத்லப்.”

அவருக்குப் பிடித்த ஆரம்பம் ஒன்று உண்டு. ‘வித் ரெஃபரன்ஸ் டு.’ இன்ன தேதியிட்ட இன்ன கடிதத்தின்படி. அதற்கு மட்டும் வட்டம் கிடையாது. ஆனால் அப்படி ஆரம்பிக்க முன்னால் ஒரு கடிதம் இருந்தாக வேண்டும். முதன்முதலாக ஒன்றைக் கேட்பவனுக்கு ஏது முன்கடிதம்?

பெரார்கஞ்சில் வயல் போட்டிருந்த ஒரு குடியேறி மனுக் கொடுத்தார். காட்டு மான்கள் ராவோடு ராவாக நெல்லை மேய்ந்துவிடுகின்றன, வேலிக்குக் கம்பி வேண்டும் என்று. அபர்தீன் பஜாரில் யாரிடமோ எழுதி வாங்கியது, ‘அண்ட் சார்’ என்று ஆரம்பித்தது. வட்டம். மூன்று வாரம் கழித்து ‘பட் சார்’ என்று வந்தார். வட்டம். மூன்றாவது தடவை வந்தபோது மனுவே கொண்டுவரவில்லை, மான் மேய்ந்ததில் மிஞ்சிய வைக்கோல் ஒரு பிடி கொண்டுவந்து படா பாபு மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். படா பாபு வைக்கோலைத் தள்ளிவிட்டு, “இதுக்கு முதல் வார்த்தையே இல்லியே,” என்றார்.

ஸ்கூலில் இங்கிலீஷ் எடுத்த மலையாள டீச்சர் ஒருவரிடம் போய் நான் ரகசியமாகக் கேட்டேன். ஆஸ், பிகாஸ், பட், அண்ட் எதிலும் ஆரம்பிக்கலாம், வாக்கியம் முழுசாக முடிந்தால் போதும் என்று அந்த அம்மாள் சொன்னார். வெற்றி வீரனாக வந்து படா பாபுவிடம் சொன்னேன். அவர் ஒரு காதின் பஞ்சைச் சரிசெய்துகொண்டு, “அவங்க ஸ்கூல்ல ஆரம்பிக்கட்டும்,” என்றார்.

இனி என் கதை. ஒரு நாள் காலை பத்தரைக்குத் தந்தி வந்தது. ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. அன்று சாயங்காலமே மெட்ராஸுக்குக் கப்பல். அடுத்தது பதினாறு நாள் கழித்து. லீவு உத்தரவைக் காட்டினால்தான் சர்க்கார் ஊழியனுக்குக் கப்பலில் பெர்த். பெர்த் கொடுக்கும் ஜன்னலை நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

நான் சாதாரணமாகவே பயந்தாங்கொள்ளி. மேஜை இழுப்பறை திறக்கவில்லை என்றால் வேலை போய்விட்டதாக நினைப்பவன். அன்று பேனாவைப் பிடித்த கை வேர்த்து, எழுதிய மை எழுத எழுதக் கரைந்தது. ‘ஆஸ் மை ஃபாதர்’ என்று எழுதிவிட்டேன். கை பழக்கம். வட்டம். அடுத்து ‘மை ஃபாதர்.’ “ஆபீஸ் காகிதத்துல மை என்ன, டை என்ன?” வட்டம். ‘ஃபாதர்.’ “யாரு, சர்ச் ஃபாதரா?” வட்டம். தந்தியை நீட்டினேன். படித்தார். “சீரியஸ்னா சிரிக்கமாட்டார்னு அர்த்தம். ‘சீரியஸ்லி இல்’னு இருக்கணும்.” இப்படியே போயிற்று. ஒரு கட்டத்தில் ‘ஓ’ என்று ஒரே எழுத்தில் ஆரம்பித்தேன் என்று கிஷன் பிற்பாடு சத்தியம் பண்ணினான். எனக்கு ஞாபகமில்லை. பிள்ளையார் சுழியைக்கூடப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் வட்டம் போட்டார்.

ஏழாவது காகிதத்தில்தான் மண்டையில் உறைத்தது. தந்தியே ஒரு முன்கடிதம்தானே! ‘வித் ரெஃபரன்ஸ் டு தி டெலிகிராம்.’ படா பாபு பார்த்தார். பென்சிலைத் திருப்பி, அந்தக் கன்னி நீல முனையால் ஒரு கோடு போட்டார். “பாத்தியா? நீயே கண்டுபிடிச்சே,” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உத்தரவு டைப்பாகி, கையெழுத்தாகிக் கைக்கு வந்தபோது மணி நாலேகால். சாத்திய ஜன்னலைத் தட்டினேன். கப்பல் போய்விட்டது.

புரோத்ராபூருக்குப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால், காலையில் நான் சொல்லியனுப்பியபடி டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு நின்றாள் என் மனைவி.

“என்னங்க, ஒரு வார்த்தைக்காகவா கப்பல விட்டீங்க?”

“ஏழு வார்த்தை,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளில் அவள் சிரிக்காத முதல் ஜோக் அது என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. ஃபாதர் எக்ஸ்பயர்ட். படா பாபு தன் நாற்காலியிலிருந்து எழுந்து என் மேஜை வரைக்கும் வந்தார். யாருக்காகவும் அவர் அப்படி வந்ததில்லை. என் தோளைத் தொட்டார். ஆறுதலாகத்தான் சொன்னார், குத்தலாக இல்லை, அதை நான் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

“கவலப்படாதே. இப்ப உன்கிட்ட ரெண்டு ரெஃபரன்ஸ் இருக்கு. லெட்டர் ஈஸியா வரும்.”

அதன் பிறகு மூன்று வருஷம் நான் அவரைப் போல நடித்துக் காட்டியே ஆபீசைச் சிரிக்கவைத்தேன். காதில் பஞ்சு, மூக்கு நுனியில் கண்ணாடி, “எது? எங்க? யாரோட ஃபாதர்?” கடைசி வசனத்துக்குத்தான் கைதட்டல் அதிகம்.

மூன்றாம் வருஷம் படா பாபுவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இங்கே வைத்து அறுக்க வழியில்லை, வருகிற கப்பலில் மெட்ராஸுக்குப் போயாக வேண்டும், அதற்கடுத்த கப்பல் வரை தாங்காது என்று சொல்லிவிட்டார். பெர்த்துக்கும் டாக்டரே சொல்லிவைத்தார். எங்கள் ஆபீசர் கார் நிக்கோபாருக்கு டூர் கிளம்புமுன் லீவு உத்தரவில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தார். படா பாபு படுத்துவிட்டதால் அவர் இடத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “அவர்கிட்ட அப்ளிகேஷன் வாங்கி ஃபைல்ல வெச்சுட்டு, இதக் குடுத்துடு,” என்றார் ஆபீசர். உத்தரவு, ‘வித் ரெஃபரன்ஸ் டு ஹிஸ் அப்ளிகேஷன் டேட்டட்’ என்று ஆரம்பித்து, தேதிக்கு இடம் விட்டிருந்தது.

கப்பல் கிளம்புகிற நாள் காலை பத்து மணிக்குக் கிஷன் படா பாபுவின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தான். எழுத்து கோணிப் போயிருந்தது. முதல் வார்த்தையைப் பார்த்தேன்.

ஆஸ்.

‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்.’ வலியில் அவரும் மாயவரத்துப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போயிருந்தார்!

எனக்கு அப்போது வந்த குஷியை என்னவென்று சொல்ல. அவர் பென்சில் அவர் மேஜை மேலேயே கிடந்தது. எடுத்தேன், ஆஸைச் சுற்றி வட்டம் போட்டேன். சிரிப்பில் கை குலுங்கியது.

கிஷன் எட்டிப் பார்த்தான். “அரே பாய், மத் கரோ. பூடா ஆத்மி ஹை.” வேண்டாம், வயசானவர் என்று.

“பத்து நிமிஷம்டா. கொண்டுபோய்க் காட்டு. மூஞ்சி எப்படிப் போச்சுன்னு வந்து சொல்லு. பின்னாலயே உத்தரவோட நான் வரேன். இளநீர் வாங்கிட்டு வரேன்.”

நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். இளநீர்கூட வாங்கி வைத்தேன்.

பதினொரு மணிக்குக் கிஷன் அதே காகிதத்தோடு திரும்பி வந்தான். “சாப் லிக் ரஹே ஹைன்,” என்றான். எழுதுகிறார்.

“என்ன சொன்னார்?”

“காகிதத்தப் பாத்தார். ‘கரெக்ட்’ன்னார். வேற காகிதம் கேட்டார்.”

பன்னிரண்டுக்கு மறுபடி அனுப்பினேன். இன்னும் எழுதுகிறார். மணி பன்னிரண்டரை ஆயிற்று. அன்றைக்குக் கப்பல் மத்தியானமே கிளம்பும், பயணிகள் ஹாடோ துறையில் இரண்டு மணிக்குள் ஏறியாக வேண்டும். உத்தரவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிஷனோடு மழையில் ஓடினேன். குடையை மறந்தேன், இளநீரை மறக்கவில்லை. பாதி மேட்டில் செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்பும் ஒரு காயுமாக அவர் குவார்ட்டர்ஸில் போய் நின்றேன்.

கட்டிலில் பெட்டி தயாராக இருந்தது. அவர் நாற்காலியில் வேட்டி முடிச்சைத் தளர்த்திக்கொண்டு, வயிறு மேஜையில் முட்டாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பத்துப் பதினைந்து காகிதம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வார்த்தை. ஒவ்வொன்றைச் சுற்றியும் வட்டம், அவரே போட்டது.

“சார், சும்மா விளையாட்டுக்கு... கிளம்புங்க சார். இந்தாங்க உத்தரவு.”

நிமிர்ந்து பார்த்தார். “நீ பண்ணினது சரிதான். இருவது வருஷம் சொல்லிட்டு நானே ஆஸ் போடலாமா?” உத்தரவை வாங்கிப் பார்த்தார். முதல் வார்த்தைக்குத் தலையாட்டினார். “ரெஃபரன்ஸ் கேக்குதே. அப்ளிகேஷன் எங்க?”

“தேதிய நானே போட்டுக்கறேன் சார்.”

“இல்லாத அப்ளிகேஷனுக்குத் தேதியா? ஃபோர்ஜரி.”

“காலைல எழுதினத ஃபைல்ல போட்டுக்கறேன் சார்!”

“சுழிச்ச காகிதம் ஃபைலுக்குப் போகாது. என் ஆபீஸ்ல போனதில்ல.”

“வித் ரெஃபரன்ஸ் டு டாக்டர் சர்டிஃபிகேட்னு ஆரம்பிங்க சார்! ஏழாவது காகிதம் சார்! ஞாபகம் இல்லியா?”

அவருக்கு அது பிடித்த மாதிரி இருந்தது. சர்டிஃபிகேட்டை எடுத்தார். மேலே பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “டு ஹூம்சோஎவர்னு போட்டிருக்கு. எனக்கு எழுதினதில்ல. உனக்கு உன் தந்தி உன் பேருக்கு வந்தது. ஊருக்குப் பொதுவா வந்ததுக்கு நான் எப்படி ரெஃபரன்ஸ் குடுக்க?”

மணி ஒன்றேகால். அவர் நாற்பது கிலோ. கிஷன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்திருந்தால் பூக்கூடையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவரைத் துறைக்குக் கொண்டுபோக வந்த ஜீப் வாசலில் நின்றது. கப்பலில் ஏற்றிவிட்டால் அவரால் நீந்தியா வர முடியும்? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு வார்த்தையைத் தேடினேன்.

“ஓயிங் டு, சார்?”

“பாக்கி வெச்சிருக்கிறவன் சொல்றது.”

“ஹாவிங்?”

“என்ன ஹாவிங்? என்ன வெச்சிருக்கேன் நான்?”

“ஹம்ப்ளி சார்? ரெஸ்பெக்ட்ஃபுல்லி சார்?”

“நடிப்பு.”

கிஷன் வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “பாய், டைம்!” என்று கத்தினான். நான் அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். இரு, கிடைத்துவிடும் என்று. எனக்கு அழுகை வந்தது. வேர்வையும் மழைத்தண்ணீரும் அழுகையும் சேர்ந்து காகிதத்தில் சொட்டியது. படா பாபு தன் காகிதங்களை என்னிடமிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார், நனையாமல்.

துறையில் கப்பல் ஊதியது. அவர் வலது காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அவர் பஞ்சை எடுத்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். சத்தம் முழுசாக அடங்கும் வரைக்கும் கேட்டார். பிறகு பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு, “இனிமே அவசரமில்ல,” என்றார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் போனேன். நான்காம் நாள் என்னைக் கிட்டே வரச்சொல்லி விரலை ஆட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.

“அந்த வட்டம் நீதானே போட்டே?”

“ஆமா சார்.”

“முழுசா மூடல. மேல கொஞ்சம் இடைவெளி இருந்தது. வட்டம்னா மூடணும்.”

எட்டாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்ற கிஷனிடம் மெல்லிய குரலில் சொன்னார்: “அப் கோயி ஆஸ் நஹீன்.” நம்பிக்கை இல்லை என்று. படா பாபு கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தார். பஞ்சு வழியாக அது எப்படி உள்ளே போயிற்றோ. தலையை லேசாக ஆட்டினார்.

“கரெக்ட்,” என்றார்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. நான் இந்த இடத்தைச் சிநேகிதர்களுக்குச் சொல்வதில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

அவர் போன மறுவாரம் அவருடைய சொந்த ஃபைலை முடித்து மேலே அனுப்ப வேண்டியிருந்தது. ஆபீசர் கையெழுத்திட்ட உத்தரவு அதில் தேதியில்லாமல் இருந்தது. அது குறிப்பிடும் விண்ணப்பம் எங்கே என்று மேலே கேட்பார்கள். என் இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். கோணல் எழுத்தில் ஆஸ். அதற்குப் பின்னால், அன்றைக்கு நான் படிக்காத பாக்கி நாலு வரி. அவர் சொன்னது சரிதான். வட்டத்தின் மேலே ஓர் அரிசி அளவுக்கு இடைவெளி. அன்று சிரிப்பில் கை குலுங்கியதில் விட்டுப்போயிருக்கிறது.

அந்த நாலு வரியை இன்றுவரை நான் படிக்கவில்லை. பென்சிலை எடுத்துச் சீவினேன். வட்டத்தை மூடி ஃபைலில் வைத்தேன்.